கீழக்குளத்து ஆள்கோடு

பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப் பைக்கு வாயால் ஊதியே காற்றடித்த காலம் அது. கன்னம் உப்ப உப்ப ஊதி, கண் சிவந்து, கடைசியில் தோல் வாரை இழுத்து முடிச்சுப் போட்டு, "ஆச்சு, இனி உதைக்கலாம்" என்பார்களாம். அந்தக் காலத்தில் வாகைநல்லூர் என்கிற ஊரில் ஒரு காலேஜ் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அப்போது அதற்கு மைதானம் கிடையாது. காலேஜுக்குப் பின்னால் உடைமுள் காடுதான்.

அந்த முள்காட்டுக்கு ஒரு நாள் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். டிரில் வாத்தியார் வேலைக்கு வந்தவர். பெயர் அருமைநாயகம். ஒல்லியான ஆள். கழுத்தில் ஒரு விசில். தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் என்ன? சுண்ணாம்பு. இன்னும் என்ன? ஒரு நீளக் கயிறு. வேறு மூட்டை முடிச்சு எதுவும் இல்லையாம்.

வந்த வாரமே முள்ளை வெட்டினார். பையன்களையும் வெட்ட வைத்தார். தரையைக் கொத்தினார், நிரவினார், தண்ணீர் தெளித்தார். பிறகு கயிற்றைக் கட்டி, குனிந்து, நடந்து, சுண்ணாம்புக் கோடு போட்டார்.

பையன்கள் சிரித்தார்களாம். "என்ன ஸார், மார்கழி மாசமா? கோலம் போடுதீய?"

"வாசல்ல போட்டா கோலம். இங்க போட்டா மைதானம்" என்றார் அவர். "கோடு போட்ட இடம்தான்டா மைதானம். கோட்டுக்கு வெளிய நீ எந்தத் தெருவோ, எந்த வீடோ, எனக்குத் தெரியாது. கோட்டுக்குள்ள வந்துட்டா நீ கோல் கீப்பர், இவன் ஃபுல் பேக், அவன் லெஃப்ட் அவுட். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவருக்குச் சுண்ணாம்பு வாத்தியார் என்றே பெயர் நின்றுவிட்டது. எந்நேரமும் கை வெள்ளையாக இருக்குமாம். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுத்தால்கூட, "வேண்டாம், ஏற்கெனவே பூசியிருக்கேன்" என்பாராம்.

பந்துக்கு எங்கே போவது? பட்டணத்திலிருந்து வாங்கி வந்த பந்து ஒரு மழையில் ஊறிப் பிய்ந்துவிட்டது. ஊர்க் கோடியில் செருப்புத் தைக்கிற தெரு ஒன்று இருந்தது. அங்கே இருளாண்டி என்று ஒருவர். வாத்தியார் அந்தத் தெருவுக்கு நடந்தே போனார். பிய்ந்த பந்தை இருளாண்டி முன்னால் வைத்தார். "இதைப் போல ஒண்ணு தைக்க முடியுமா?" என்று கேட்டார். இருளாண்டி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போல எதுக்குத் தைக்கணும்? இதுதான் பிஞ்சு போச்சே" என்றாராம்.

அவர் தைத்த பந்து மூன்று மழை கண்டும் பிரியவில்லை. அதன் பிறகு அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் இருளாண்டி தைத்த பந்துதான். தைத்த பந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, உதைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? உதைத்துப் பார்த்தவன் அவர் மகன் மாடக்கண்ணு. ஒவ்வொரு பந்தையும் அவன்தான் முதலில் உதைத்தான். சந்தில் உதைத்தான், சுவரில் உதைத்தான், ஓடுகிற ஆட்டைச் சுற்றி உதைத்தான். படிப்பிலும் கெட்டி. பள்ளிக்கூடத்தில் தேறி, காலேஜில் இன்டர்மீடியட்டும் சேர்ந்துவிட்டான். சேர்ந்த அன்று சாயங்காலமே வாத்தியார் அவனைக் கோட்டுக்குள் கூப்பிட்டார்.

"நீ லெஃப்ட் அவுட்" என்றார். அதாவது, இடது ஓரத்துக் கோட்டை ஒட்டி ஓடி ஆடுகிறவன்.

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லையாம். மற்றப் பையன்களில் சிலர் முதலில் முனகினார்கள். அவனுக்குப் பந்தே தராமல் ஆடினார்கள். வாத்தியார் விசில் ஊதினார். "லெஃப்ட் அவுட்டுக்குப் பந்து போகலேன்னா இந்தப் பக்கத்துக் கோடு எதுக்கு? அழிச்சுடவா?" என்று கேட்டார். பந்து போக ஆரம்பித்தது. பந்து போனதும் கோல் விழ ஆரம்பித்தது. கோல் விழுந்ததும் முனகல் நின்றுவிட்டது. சேர்ந்து ஓடினார்கள், சேர்ந்து விழுந்தார்கள், ஒரே பானையில் மோந்து தண்ணீர் குடித்தார்கள்.

இது வாகைநல்லூர்க் கதை. இனி செங்கோடைக் கதை.

வாகைநல்லூருக்கு மேற்கே செங்கோடை. செங்கோடைக்கு ஒரு மிட்டாதார். அதாவது ஊரும் நிலமும் வரியும் அவர் கையில். இரண்டு குளம் உண்டு அங்கே. மேலே இருப்பது மேலக்குளம், கீழே இருப்பது கீழக்குளம். மேலக்குளத்தின் மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியாகக் கீழக்குளத்துக்குத் தண்ணீர் வரும். கீழக்குளத்து மடையிலிருந்து வாகைநல்லூர் வயல்களுக்குப் பாயும். இது பழைய ஏற்பாடு. அந்த வருஷம் மிட்டாதார் தன் வாழைத் தோப்புக்கு வேண்டும் என்று மேலக்குளத்து மடையைத் திறக்கவே இல்லை. கீழக்குளம் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாகைநல்லூர் வயலில் கதிர் வருகிற நேரம். ஒரு தண்ணி கிடைத்தால் பிழைக்கும். கேட்டுப் போனவர்களை மிட்டாதார் வாசலோடு அனுப்பிவிட்டாராம்.

அந்த மிட்டாதார்தான் ஒரு கால்பந்துக் கோப்பையும் வைத்திருந்தார். வெள்ளிக் கோப்பை. கீழக்குளத்தை ஒட்டி, சுற்றிலும் மதில் கட்டி, புல் வளர்த்து, ஒரு மைதானமும் வைத்திருந்தார். அவருடைய டீமில் எல்லாரும் பூட்ஸ் போட்டவர்கள். போலீஸ்காரர்கள்கூட உண்டு. ஏட்டு வீரபாகுதான் கேப்டன். அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது யார்? மிட்டாதார் டீமும், வெறுங்காலோடு ஆடுகிற வாகைநல்லூர்க் காலேஜும்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பிரின்சிபால் தங்கையா வாத்தியாரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் தகராறு என்றால் ஒதுங்கிக்கொள்கிறவர்.

"வாத்தியாரே, நாளைக்குச் செங்கோடைக்குப் போறீங்க. மிட்டாதார் மைதானத்துக்குள்ள செருப்புத் தெரு ஆளை விடமாட்டாராம். சொல்லி அனுப்பியிருக்கார்."

"எங்க டீம்ல லெஃப்ட் அவுட் இருக்கான் ஸார். தெரு எதுவும் கிடையாது."

"விளையாடாதீங்க. அவர் அனுப்புற அரிசியிலதான் நம்ம ஹாஸ்டல்ல உலை கொதிக்குது. லெஃப்ட் அவுட்டுக்கு வேற பையனைப் போடுங்க."

"போடலாம் ஸார். லெஃப்ட் அவுட் இருப்பான். டீம் இருக்காது."

பிரின்சிபால் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்: "நாளைக்கு அங்க ஏதாவது நடந்தா, திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

"ஆகட்டும் ஸார்" என்றார் வாத்தியார். வெளியே வந்தார். சாக்கில் சுண்ணாம்பு போதுமா என்று பார்த்தார். போதாது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் செங்கோடை. மதிலைச் சுற்றிக் கூட்டம். வாகைநல்லூர் விவசாயிகள், பெண்கள், இருளாண்டி தெரு ஆட்கள், எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மதில் வாசலில் மிட்டாதாரின் கணக்கப்பிள்ளை நின்றார். ஒவ்வொரு பையனாக உள்ளே விட்டார். விடுமுன் ஒரே ஒரு கேள்வி.

"நீ எந்தத் தெரு?"

"மேலத் தெரு."

"போ. நீ எந்தத் தெரு?"

"நடுத்தெரு."

"போ. நீ?"

மாடக்கண்ணு வாயைத் திறக்குமுன் வாத்தியார் சொன்னார்: "அவன் லெஃப்ட் அவுட்."

"வே வாத்தியாரே, நான் என்ன கேக்கேன், நீரு என்ன சொல்லுதீரு? இவன் வெளிய. பதிலுக்கு ஆள் இருக்குல்லா? அந்தா நிக்கான். அவனை அனுப்பும்."

பதில் ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். வருஷம் பூராவும் ஒரு ஆட்டம் ஆடக் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன். அவன் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான். "எனக்குக் கால் சுளுக்கு" என்றானாம். நடந்து வந்தபோது சுளுக்கு இல்லை. கணக்கப்பிள்ளை கேட்டபோதுதான் வந்தது.

சத்தம் கேட்டு மிட்டாதாரே வந்துவிட்டார். சரிகைத் துண்டு, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு.

"என்ன வாத்தியாரே? பந்து வேணும்னா அவன் அப்பன்கிட்ட வாங்கிக்கிடுதோம். கோப்பை வேணும்னா அவனை விட்டுட்டு வாரும்."

வாத்தியார் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளி டீம் பந்து கொண்டு வருவது அந்தக் காலத்து வழக்கம். இருளாண்டி புதிதாகத் தைத்த பந்து.

"ஐயா, இந்தப் பந்தை உங்க ஆளுங்க தலையால முட்டுவாங்கல்லா?"

"முட்டுவாங்க. அதுக்கென்ன?"

"இது இவங்க வீட்டுல, இவங்க அம்மா அடுப்புக்குப் பக்கத்துல கிடந்த தோல். இது உங்க ஆளுங்க தலைக்கு மேல ஏறலாம். இவன் கால் உங்க புல்லுல படக் கூடாதா?"

கூட்டத்தில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். மிட்டாதாருக்கு முகம் சிவந்தது.

"மைதானம் என்னுது. எங்க தாத்தா போட்டது. என் இஷ்டம்."

"மைதானத்தை யாரும் போட முடியாது ஐயா. கோடுதான் போட முடியும்" என்றார் வாத்தியார். உள்ளே போன பையன்களைப் பார்த்து விசில் ஊதினார். "வாங்கடா வெளிய."

பையன்கள் வெளியே வந்தார்கள். பந்தும் வெளியே வந்தது.

வாத்தியார் எங்கே போனார் தெரியுமா? கீழக்குளத்துக்குள் இறங்கினார். வறண்டு கிடந்த குளம், வாய்க்கால் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் நல்ல சமதளம். கீழக்குளம் மட்டும் சர்க்காருடையது. மாடு மேயலாம், ஆடு மேயலாம், ஆள் நிற்கலாம், யாரும் போ என்று சொல்ல முடியாது. கயிற்றைக் கட்டினார். குனிந்தார். கோடு போட்டார். கரும்பாறை போல் இறுகிக் கிடந்த மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்ததாம். கோல் கம்பத்துக்கு என்ன செய்வது? வாகைநல்லூர் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிகளைக் கொண்டுவந்து பின்பக்கமாகச் சாய்த்தார்கள். வண்டியின் ஏர்க்கால் வானத்தைப் பார்த்து நின்றது. இந்தப் பக்கம் இரண்டு வண்டி, அந்தப் பக்கம் இரண்டு வண்டி. ஆயிற்று, கோல்.

கூட்டம் மதிலை விட்டுக் குளத்துக் கரைக்கு நகர்ந்துவிட்டது. மதிலுக்குள் யார் இருந்தார்கள்? பூட்ஸ் போட்ட பதினோரு பேர். வெள்ளிக் கோப்பை. புல்.

கரையிலிருந்து பெண்கள் கூப்பிட்டார்களாம்: "ஏ மாப்பிள்ளைகளா! பூட்ஸு மாட்டிக்கிட்டு உள்ளயே நிக்கிய! பொண்ணழைப்பு எப்போ?"

ஏட்டு வீரபாகுவுக்கு அது பொறுக்கவில்லை. "ஐயா, இப்படியே நின்னா நாளைக்கு ஸ்டேஷன்ல எவனும் எனக்குப் பயப்பட மாட்டான்" என்று மிட்டாதாரிடம் சொல்லிவிட்டு, மதிலேறிக் குதித்தார். பின்னாலேயே டீமும் குதித்தது.

ஆட்டத்துக்கு நடுவர் ஸ்டேஷன் மாஸ்டர் ஜம்புலிங்கம். ரயிலுக்கே சிவப்புக் கொடி காட்டி நிறுத்துகிறவர், மனுஷனுக்கா பயப்படுவார்? குளத்துக்குள் இறங்கினார், கோட்டைச் சுற்றி நடந்தார், "கோடு சரி" என்றார். விசில் ஊதினார்.

ஆட்டம் நடந்தது. இறுகிய மண்ணில் பூட்ஸுக்குத்தான் வசதி. வெறுங்கால் வெடிப்பில் மாட்டியது. வீரபாகு அடித்த அடியில் பந்து வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். வாகைநல்லூர்ப் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் மிட்டாதாருக்கு அது போதவில்லை. மாடக்கண்ணு கால் ஆடுகிறதே! அதுதான் அவர் கண்ணில் குத்தியது. ஆட்டம் நின்றாக வேண்டும். எப்படி நிறுத்துவது? ஒரு யோசனை வந்தது. மடைக்கு ஆள் அனுப்பினார். மடையைத் திறந்து அடைக்கிறவனை அந்தப் பக்கத்தில் நீர்பாய்ச்சி என்பார்கள்.

"மேலக்குளத்து மடையைத் திறக்கச் சொல்லு. முழுசாத் திறக்கச் சொல்லு. அந்த வாத்தியாரு போட்ட கோடு கரையட்டும்."

நீர்பாய்ச்சி காதில் விழுந்ததை நம்பவில்லையாம். மூன்று தரம் கேட்டானாம். "நெசமாத்தான் சொன்னாரா? முழுசாவா? சாட்சிக்கு ஆள் இருக்கா?" கேட்டுவிட்டு, மடைப்பலகையைத் தூக்கினான்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வாய்க்காலில் முதலில் சருகு வந்தது. பிறகு நுரை வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. வெடிப்புக்குள் 'சொர்ர்' என்று இறங்கியது. வாய்க்கால் பக்கம் இருந்தது எந்தக் கோடு? இடது பக்கக் கோடு. மாடக்கண்ணு ஓடுகிற பக்கம். முதலில் கரைந்தது அதுதான்.

ஜம்புலிங்கம் விசில் ஊதினார். "வாத்தியாரே, கோடு இல்லாம ஆட்டம் இல்ல. நிறுத்துனா இப்ப இருக்கிற கோல்தான் கணக்கு."

"கோடு இருக்கும்" என்றார் வாத்தியார். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போட்டார். கரைந்தது. போட்டார். கரைந்தது. போட்டார். சாக்கு காலியாகிவிட்டது. சாக்கைத் திருப்பி உதறினார். கொஞ்சம் தூசி பறந்தது, அவ்வளவுதான். மதில் மேல் நின்ற மிட்டாதார் ஆட்கள் கை தட்டிச் சிரித்தார்கள்.

வாத்தியார் என்ன செய்தார்? காலிச் சாக்கைக் கரைமேல் எறிந்தார். கோடு இருந்த இடத்தில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்தார்.

"நான்தான் கோடு" என்றார்.

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லையாம். "ஒரு ஆள் கோடாக முடியாது வாத்தியாரே. அது புள்ளி."

"இன்னும் ஆள் வருவாங்க."

யாரும் வரவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. பிறகு இருளாண்டி இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் வாத்தியாருக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டார். பழக்கம் அப்படி. ஆயுசு பூராவும் தள்ளியே நிற்கப் பழக்கியிருந்தார்கள்.

வாத்தியார் கையை நீட்டினார். "இருளாண்டி, கோட்டுல ஓட்டை வைக்காதீரும். பந்து போயிரும்."

இருளாண்டி அந்த வெள்ளைக் கையைப் பார்த்தார். கிட்டே வந்தார். பிடித்தார். அவர் பெண்சாதி மூக்கம்மா வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். அவர்கள் தெரு வந்தது. கோட்டில் பாதி ஆயிற்று.

கரையிலிருந்து வாகைநல்லூர் விவசாயிகளும் இறங்கினார்கள். தண்ணீரைக் கண்டுவிட்டார்களே, எப்படி இறங்காமல் இருப்பார்கள்? அவர்களும் வரிசையாக நின்றார்கள், மறு கோடியிலிருந்து. அந்த வரிசை இந்த வரிசையை நோக்கி வந்தது. வந்து, நடுவில் நின்றுவிட்டது. நான்கைந்து ஆள் அகலத்துக்கு இடைவெளி. இந்தப் பக்கம் மூக்கம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் யாரும் நகரவில்லை. தண்ணீர் மட்டும் அந்த இடைவெளியில் போய்க்கொண்டிருந்தது.

ஜம்புலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நடுவுல ஓட்டை இருக்கு. நான் நிறுத்தப் போறேன்."

அப்போதுதான் ஆவுடை பேசினாள். ஆவுடை என் தகப்பனாருக்கு அத்தை முறை. ஒரு வயலை ஒற்றையாளாகப் பயிர் செய்தவள். வாய்க்கு அஞ்சாதவள்.

"ஏ சனங்களா! எத்தனை நடை நடந்தோம் இந்தத் தண்ணிக்கு? வாசல்ல நின்னு கும்புட்டோம். தந்தாரா? இன்னைக்கு எதுக்குத் திறந்தாரு? இந்தப் பையன் கால் இங்க படக் கூடாதுன்னு திறந்தாரு. அவன் கால் இங்க வரலேன்னா இந்தத் தண்ணி வந்திருக்குமா? அவன் கால் கொண்டாந்த தண்ணியில நிப்பிய, அவன் ஆத்தா கையைப் பிடிக்க மாட்டியளோ?"

சொல்லிவிட்டுத் தளக் தளக்கென்று நடந்து வந்தாள். மூக்கம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால் ஒருத்தி. அவள் பின்னால் ஒருவர். இன்னும் ஓர் ஆள் நிற்க வேண்டிய ஓட்டை ஒன்றுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, குளத்துக்குள் வந்துகொண்டிருந்தார் ஒருவர். யார்? பிரின்சிபால் தங்கையா. ஆட்டத்தை நிறுத்த வந்தவர்.

"வாத்தியாரே! போதும்! நான் சொல்றதை..."

"ஐயா, குடையை மடக்கும்" என்றாள் ஆவுடை. "கை வேணும்."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் கை நீண்டிருந்தது. கோட்டுக்குள் அவருடைய மாணவர்கள் பதினோரு பேரும் மூச்சு வாங்க நின்று அவரையே பார்த்தார்கள். மேலத் தெருப் பையன் தோளில் கை போட்டுக்கொண்டு மாடக்கண்ணு நின்றான். பிரின்சிபால் குடையை மடக்கினார். ஷூவைத் தண்ணீரில் விட்டார். ஷூ மிதந்து போயிற்று. அவர் கையைக் கொடுத்தார்.

"கோடு சரி!" என்று கத்தினார் ஜம்புலிங்கம். விசில் ஊதினார்.

இனி சேறு. சேற்றில் பூட்ஸ் என்ன செய்யும்? புதையும். ஒவ்வொரு காலையும் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்ததாம். வெறுங்கால் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீரில் பந்து உருளாது, நின்றுவிடும். மாடக்கண்ணுக்கு அது தெரியாதா? அவன் பந்தை உருட்டவில்லை. நுனிக்காலால் தூக்கினான். தூக்கி முழங்காலில் தட்டினான். தட்டித் தட்டியே ஆள்கோட்டை ஒட்டி ஓடினான். அப்பா முன்னால் ஓடினான், அம்மா முன்னால் ஓடினான், ஆவுடை முன்னால் ஓடினான், பிரின்சிபால் முன்னால் ஓடினான். "அடிலே!" என்று கத்தியது யார் தெரியுமா? பிரின்சிபால்தான். அடித்தான். வண்டிகளுக்கு நடுவே போயிற்று. ஒன்றுக்கு ஒன்று.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதில் இரண்டு பேச்சு உண்டு. வாகைநல்லூரில் கேட்டால் இரண்டுக்கு ஒன்று, நாங்கள் ஜெயித்தோம் என்பார்கள். செங்கோடையில் கேட்டால் ஒன்றுக்கு ஒன்று, சமம் என்பார்கள். கடைசிக் கோல் விழுந்தபோது அந்தக் கோல் பக்கம் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பந்து மிதந்துதான் உள்ளே போனது. மிதந்து போன பந்து கோலா இல்லையா? இன்றைக்கும் டீக்கடையில் இதற்காகக் கைகலப்பு நடக்கிறது. ஜம்புலிங்கம் கோல் என்று விசில் ஊதினார். அது எல்லாருக்கும் கேட்டது.

மிட்டாதார் கோப்பையைத் தரவில்லை. "அவரே வெச்சுக்கிடட்டும்" என்றார் வாத்தியார். "பெரிய கோப்பை. கஞ்சி குடிக்க ஆகும்."

மிட்டாதார் மடைக்கு ஓடினார். "அடைடா! மடையை அடை!"

"எப்படிய்யா அடைக்கது?" என்றானாம் நீர்பாய்ச்சி. "திறந்த மடையைக் கீழக்குளம் நிறையாம அடைக்கக் கூடாதுன்னு உங்க தாத்தாதான கல்லுல வெட்டி வெச்சிருக்காரு? அந்தா, உங்க காலடியில இருக்கு."

கீழக்குளம் நிறைந்தது. வாகைநல்லூர்க் கதிர் பிழைத்தது.

திங்கட்கிழமை காலை மிட்டாதாரின் கணக்கப்பிள்ளை காலேஜுக்கு வந்தார். "டிரில் வாத்தியாரை நீக்கியாச்சா? ஐயா கேட்டுவரச் சொன்னாரு."

பிரின்சிபால் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஷூதான் போய்விட்டதே. "கோட்டுல நின்னவங்க எல்லாரையும் நீக்கணும்னா என்னையும் சேர்த்து நீக்கணும். அப்புறம் நீக்குறதுக்கு ஆள் யாரு இருக்கா?" என்று கேட்டார்.

மிட்டாதார் அரிசி நின்றுபோனது. ஹாஸ்டலில் சில வாரம் கேப்பைக்கூழ்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சுளித்தார்கள், ஆனாலும் குடித்தார்கள். அறுவடை முடிந்ததும் ஆவுடை முதல் மூட்டையைத் தலையில் சுமந்து கொண்டுவந்து ஹாஸ்டல் வாசலில் இறக்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

சுண்ணாம்பு வாத்தியார் தலை நரைக்கும்வரை அந்தக் காலேஜில் இருந்தார். விளையாட்டுக்கெல்லாம் தலைமை அவர்தான். பக்கத்துக் காலேஜ்களை எல்லாம் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். சங்கத்துக்கு அவர் எழுதிய முதல் விதி: ஒரு டீமில் யார் ஆடுவது என்பதை அந்த டீம் மட்டுமே சொல்லும். அந்த விதியை ஏற்காத மைதானத்துக்கு யாரும் ஆடப் போகவில்லை. செங்கோடை மதிலுக்குள் புல் வளர்ந்தது, பிறகு முள் வளர்ந்தது, பிறகு மதிலும் விழுந்தது. மாடக்கண்ணு பின்னாளில் அதே காலேஜில் டிரில் வாத்தியார் ஆனான். சுண்ணாம்புச் சாக்கு அவன் தோளுக்கு வந்தது.

இப்போது காலேஜுக்கு நல்ல புல் மைதானம் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டும் இருக்கிறது. ஆனாலும் வருஷா வருஷம் கோடையில் கீழக்குளம் வற்றியதும் சங்கத்தின் இறுதி ஆட்டம் அங்கேதான். கோல் கம்பத்துக்கு இன்னும் வண்டிதான். மூன்று பக்கம் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். வாய்க்கால் பக்கம், இடது பக்கம், போட மாட்டார்கள். அங்கே ஆள்கோடுதான். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள். விசில் ஊதுவதற்கு முன் நடுவர் அந்தக் கோட்டின் நீளத்துக்கு நடந்துபோய்ச் சத்தமாகக் கேட்பார்: "கோட்டுல ஓட்டை இருக்கா?"

"இல்லை!" என்று எல்லாரும் கத்த வேண்டும். மதில் இருந்த இடம்வரைக்கும் கேட்க வேண்டும்.

நீங்களும் ஒரு கோடையில் வந்தால் கரையில் நின்று பார்க்க விடமாட்டார்கள். இழுத்துக் கோட்டில் நிறுத்திவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒரு கை வரும், அந்தப் பக்கம் ஒரு கை வரும். பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அங்கே அந்தக் கேள்வியைக் கேட்ட கடைசி ஆள் கணக்கப்பிள்ளைதான்.